கேப்டன் ஆபிரகாமின் வெள்ளிக்கிழமை

பென்னலூர் மாதா கோயில் பொன்விழா மலருக்கு கேப்டன் ஆபிரகாமின் வாழ்க்கையை எழுதும் வேலை, 1984 மே மாதம், என் தலையில் விழுந்தது. தமிழ் வாத்தியார் என்றால் ஊரார் பெருமையை எல்லாம் அவன்தான் எழுதவேண்டும் போலிருக்கிறது. விண்வெளிக்குப் போய் இந்துமாக்கடலில் வந்து விழுந்த, ஆளில்லாத வெளிநாட்டு விண்கலம் ஒன்றைப் பதினோரு வருஷத்துக்கு முன் தன் கப்பலில் போய் மீட்டு வந்தவர் அவர். அதற்குப் பதக்கமும் வாங்கினார். போன வருஷம் மாரடைப்பில் இறந்துபோனார்.

அவர் மனைவி கிளாரா டிரங்குப் பெட்டியைத் திறந்து வைத்தார். சான்றிதழ், போட்டோக்கள், அடியில் ஆங்கிலத்தில் ஒரு டைரி. அதை அவர் படித்ததில்லை. நானும் படிக்காமல் இருந்திருக்கலாம்.

"புதன். கலத்தில் கயிறு மாட்ட நாகப்பனை இறக்கினேன். அலை கலத்தைப் புரட்டி அவன்மேல் போட்டது. முதலில் எதைத் தூக்குவது என்று கேட்டார்கள். கலத்தை என்றேன். அவன் வெள்ளிக்கிழமை குடித்துவிட்டுத் தவறி விழுந்ததாகப் பதிவு செய்தேன். மீட்பில் சேதம் இல்லை."

நாகப்பன் எங்கள் ஊர்ப் பிள்ளை. அவனைக் கடற்படையில் சேர்த்துவிட்டவரே ஆபிரகாம்தான். அவன் வீட்டுக்குச் சாவுச் செய்தி கொண்டுவந்தவரும் அவர்தான். 

கிளாராவிடம் தமிழில் சொன்னேன். 

"கோயில் மலர்ல இது வேணாம் வாத்தியாரே. செத்தவர வுட்ருங்க."

"செத்தவங்க ரெண்டு பேரும்மா."

அவர் பெட்டியை மூடினார். மலர் எக்கேடோ கெடட்டும். என்னைக் குடைந்தது நாள்தான். நாகப்பனின் அம்மா சுந்தராம்பாள் அந்த வெள்ளிக்கிழமையின் திதியான தேய்பிறை அஷ்டமியில்தான் வருஷா வருஷம் மகனுக்குப் படையல் போடுகிறார். இலை ஓரத்தில் ஒரு டம்ளர் சாராயமும் வைப்பார். குடியே அறியாத பிள்ளைதான். ஆனாலும் கேப்டனே சொன்னாரே, போன இடத்தில் பழகியிருப்பான் என்று வைப்பார். டைரியின் புதன்கிழமை சஷ்டி. காலண்டரைப் பார்த்தேன், இந்த வருஷத்துச் சஷ்டி மறுநாள்.

அன்று மாலையே போனேன். சுந்தராம்பாள் முறத்தில் பயறு புடைத்துக்கொண்டிருந்தார். சுற்றி வளைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். கேப்டனைத் திட்டுவார், மண்ணை வாரித் தூற்றுவார் என்று எதிர்பார்த்தேன். முறத்தைக் கீழே வைத்தார்.

"குடிக்கலியா அவன்?"

"இல்லம்மா."

"நாளைக்குத்தான் அவன் நாளா?"

"ஆமாம்மா."

விரல் விட்டு எண்ணினார். பாதியில் நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அப்போ இத்தினி வருசமா எம்புள்ள அவன் நாளுல வந்து பாத்துட்டு, வெறும் வவுத்தோட திரும்பிப் பூட்டானா?"