வெந்நீர் ஊற்றிய குழல்

துப்பாக்கி விஷயத்தில் இசக்கிப்பாண்டி ஒன்று சொல்லிவிட்டால் குற்றாலத்தில் மறுபேச்சு கிடையாது. சண்டைக்காலத்தில் கப்பலேறிப் பஸ்ரா வரைக்கும் போய்வந்த பட்டாளத்துக்காரர் அல்லவா? பண்ணையார் காந்திமதிநாதனின் மலையடித் தோப்புக்குக் காவல் தலைவர் வேலை அதை வைத்துத்தான் கிடைத்தது. பதினைந்து வருஷமாக அந்தப் பெயர்தான் அவருக்குச் சோறு போட்டது.

அந்த ஆனி மாதம் சீமையிலிருந்து வந்த புதுத் தோட்டாப் பெட்டியொன்றைப் பண்ணையார் அவர் முன்னால் வைத்தார். இசக்கிப்பாண்டி ஒரு தோட்டாவை எடுத்துக் காதோரம் குலுக்கினார். பித்தளை அடியை நகத்தால் சுண்டினார். பிறகு மோந்து பார்த்தார்.

"முதல் தரம் எஜமான்."

மோந்து பார்த்தால் தோட்டாவில் என்ன தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவருக்கும் தெரியாது.

அந்தப் பெட்டித் தோட்டாவில் குழலுக்கு ஒன்றாக இரண்டு பன்றிகள் விழுந்தன. சாயங்காலம் இரட்டைக்குழல் துப்பாக்கியைத் துடைக்க உட்கார்ந்த மாடக்கண்ணு, அவருக்குக் கீழே இருந்த காவல்காரன், துணியில் வந்த கரியை விரலில் தொட்டு நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தான்.

"உப்புக் கரிக்கு அண்ணாச்சி. பழைய தோட்டாவுல இப்படி இருக்காது" என்றவன், அடுப்பில் கொதித்த வெந்நீரை எடுத்து வலது குழலில் ஊற்றியும் விட்டான்.

"ஏலே கூறுகெட்டவனே, இரும்புல தண்ணி ஊத்துதவன் உண்டா?" இசக்கிப்பாண்டி கெண்டியைப் பிடுங்கினார்.

"உப்பு எண்ணெயில கரையாதுல்லா அண்ணாச்சி."

"பட்டாளத்தைப் பாத்தவன் நீயா நானா? எண்ணெயைப் போடுலே."

இரண்டு குழலையும் துடைத்து, எண்ணெய் போட்டு, உறைக்குள் வைத்தார்கள்.

பத்து நாள் சாரல் விடவில்லை. பதினோராவது நாள் பண்ணையார் துப்பாக்கியை மடக்கி வெளிச்சத்தில் பிடித்தார். அவருடைய அப்பா ஆசையாக வாங்கிய துப்பாக்கி. உள்ளே செங்கல் பொடி அப்பினாற்போலத் துரு.

"யாருவே துடைச்சது?"

இசக்கிப்பாண்டியின் வாய் முந்திக்கொண்டது. "மாடக்கண்ணு தண்ணி ஊத்திட்டான் எஜமான். நான் பாக்கதுக்குள்ள ஊத்திட்டான்."

"வெள்ளிக்கிழமையோட அவன் ஊரு கீழப்பாவூருக்கே போகட்டும்."

மாடக்கண்ணு இசக்கிப்பாண்டியைப் பார்த்தான். அவன் மனைவி உச்சிமாகாளிக்கு எட்டு மாசம். அவன் இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது இவருக்கு.

துப்பாக்கியை வாங்கி இசக்கிப்பாண்டியும் கண் வைத்துப் பார்த்தார். துரு இடது குழலில் மட்டும்தான். வலது பளபளவென்று இருந்தது. வலதில் ஊற்றிய தண்ணீர் இடதுக்கு ஒழுகியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மனசு அதை நம்பவில்லை. மறுநாள் புதன்கிழமை முழுக்கத் தோப்புக்கும் வீட்டுக்குமாக நடந்தார். சோறு இறங்கவில்லை. வெற்றிலை போட்டு, போட்ட கையோடு துப்பினார்.

வியாழக்கிழமை காலை, புதுத் தோட்டா ஒன்றிலிருந்து ரவையையும் மருந்தையும் கொட்டிவிட்டு, அடியிலிருந்த கேப்பு என்ற வெடிப்பொட்டை மட்டும் வெடிக்கவைத்து, அந்தப் புகையில் இரண்டு புது ஆணிகளைக் காட்டினார். ஒன்றுக்கு எண்ணெய். இன்னொன்றை வெந்நீரில் கழுவித் துடைத்துவிட்டு எண்ணெய். வெந்நீர் பட்டது துருப்பிடிக்க வேண்டும் என்று உலகம்மையை வேண்டிக்கொண்டார். எப்பேர்ப்பட்ட வேண்டுதல் பாருங்கள்.

வெந்நீரைச் சாய்க்கும்போதே கை தயங்கியது. இந்தச் சாய்ப்பு கைக்குப் பழக்கம். பஸ்ராவில் சுட்டுப் பழகிவிட்டு வரும் சிப்பாய்கள், சமையல் கொட்டகை வாசலில் வரிசையாக நிற்பார்கள். ஒவ்வொரு துப்பாக்கியிலும் தகரப் புனலை வைப்பார்கள். இவர் கொதிக்கக் கொதிக்க ஊற்றுவார். வெள்ளைக்காரன் சொல்லிக்கொடுத்த கிறுக்கு என்று உள்ளுக்குள் சிரித்தபடி ஒன்றரை வருஷம் ஊற்றியிருக்கிறார். ஒருநாளாவது ஏன் என்று கேட்டதில்லை.

ஆணிகளைச் சாரல் அடிக்கும் கூரை இறவாணத்தில் தொங்கவிட்டார். நாழிகைக்கு நாலு தடவை போய்ப் பார்த்தார். மறுநாள் விடியும்போது எண்ணெய் மட்டும் போட்ட ஆணி சிவந்திருந்தது. மற்றது நேற்றுக் கடையில் வாங்கினாற்போல் இருந்தது.

பண்ணையாரின் பங்களா வாசலில் மாடக்கண்ணு தகரப்பெட்டியோடு நின்றிருந்தான். இசக்கிப்பாண்டி நேரே பண்ணையாரிடம் போய் இரண்டு ஆணிகளையும் நீட்டினார்.

"வெந்நி பட்டது இது. எண்ணெய் மட்டும் போட்டது இது. துப்பாக்கியிலயும் அப்படித்தான், அவன் வெந்நி ஊத்துன குழல் நல்லாருக்கு. இடதையும் கழுவியிருப்பான். தடுத்தது நான்தான் எஜமான்."

பண்ணையார் ஆணிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப தோட்டாதான் மோசம். அதுக்கு நீரு என்னவே செய்வீரு?"

தப்பிக்க வழி திறந்தே கிடந்தது. தலையாட்டியிருந்தால் போதும்.

"இல்ல எஜமான். வெந்நி ஊத்தியிருந்தா அந்தத் தோட்டாவால ஒண்ணும் ஆயிருக்காது."

"பஸ்ரா வரைக்கும் போய்ப் பட்டாளத்துல இருந்திருக்கீரு. இது கூடவா தெரியல?"

மாடக்கண்ணு கேட்டுக்கொண்டு நிற்கிறான் என்பது இசக்கிப்பாண்டிக்குத் தெரியும். அவன் கேட்கும்படியாகவே சொன்னார்.

"பட்டாளத்துல நான் துப்பாக்கியே பிடிக்கல எஜமான். சமையக்கட்டுல வெந்நிதான் போட்டேன்."

பதிலுக்கு நிற்காமல் இறங்கி வந்து, மாடக்கண்ணுவின் கையிலிருந்த பெட்டியை வாங்கிக் கீழே வைத்தார். பிறகு அடுப்படிக்குப் போய்க் கெண்டியை வெந்நீருக்கு அடுப்பில் ஏற்றினார்.