இருமிய துவக்கு

கூர் நகரில் ரெட்டோ கவீசல் ஏலத்தில் எடுத்த பழைய இராணுவத் துவக்கு மார்கழி முதல் கிழமையில் இருமத் தொடங்கியது. காலையில் வறட்டு இருமல், மழை நாட்களில் சளி இருமல். அந்தக் கிழமை வெண்ணெய் விலையும் ஏறியிருந்ததால் அயலில் யாரும் இதைப் பெரிதாகப் பேசவில்லை. அவர் மனைவி மெங்கியாதான், “சுவர் முழுக்கத் துவக்கு. ஒண்டாவது எனக்கொரு அலுவல் பாத்ததே? இப்ப வருத்தக்காரரையும் கூட்டி வந்திட்டியள்,” என்றாள். சொன்னவளே தேன் விட்ட தேநீரை அதன் கீழ் வைத்துவிட்டுப் போனாள்.

தபால் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற ரெட்டோவுக்குத் துவக்கைவிட அதைச் சுமந்தவர்மேல்தான் ஆசை. அந்த நாட்டில் படைச்சேவைக்காரர் துவக்கை வீட்டில்தான் வைத்திருப்பார்கள். தோளில் பதிக்கும் அடிக்கட்டையின் தகட்டைக் கழற்றினால் உள்ளே அவர்களுடைய பேரும் ஊரும் எழுதிய துண்டு இருக்கும். இதில் இருந்த பேர் கியான் தெருங்ஸ், ஊர் லும்பிரைன் என்ற மலைக்கிராமம். தெருங்ஸ் இறந்துவிட்டார், மனைவி ஊர்சினா இருந்தாள். அவளிடம் அவருடைய படங்கள் இருந்தன, குரல்தான் நினைவை விட்டுப் போய்ப் பல வருடம். துவக்கு இருமுகிறது என்று ரெட்டோ தொலைபேசியில் சொன்னதும் அவள் தலைமுடியைச் சீராக்கி, கொட்டைக் கேக் சுட்டு, பேருந்துத் தரிப்பில் வந்து காத்து நின்றாள்.

அவள் வீட்டுக் குசினி மேசையில் ரெட்டோ கிடத்தியதும் துவக்கு இருமியது. ஊர்சினா கண்ணை மூடிக் கேட்டாள். மறுபடியும் இருமும்வரை பொறுத்திருந்தாள்.

“குறை நினையாதேங்கோ தம்பி. இது என்ர மனுசன்ர இருமல் இல்லை. இது பால்ற்சர்.”

“துண்டில தெருங்ஸ் எண்டுதானே கிடக்கு அம்மா?”

“துண்டுக்கென்ன, எழுதினதைச் சொல்லும். அந்த மனுசனுக்குப் பக்கத்தில படுத்தவள் நான்.”

பிறகு அவளே அந்த முடிச்சை அவிழ்த்தாள். கட்டாயச் சூட்டுப் பயிற்சி முடிந்தால் ஆண்கள் சாராயக்கடை வாசலில், தொப்பி மாட்டும் கொளுக்கிகளில் துவக்குகளைத் தொங்கவிட்டுக் குடிப்பார்கள். ஏதோ ஒரு வருடம் தெருங்ஸும் கூட்டாளி பால்ற்சரும் போகும்போது மாறி எடுத்திருக்கவேண்டும். கடைசிவரை இருவருக்கும் தெரியாது. செத்தபின் படைக்களஞ்சியத்தார் துவக்குகளை வாங்கி, அவற்றில் பொறித்த எண்ணைப் பார்த்து, எதெது எந்த வீட்டுக்கோ அங்கே திருப்பிக் கொடுத்தார்கள். தன் வீட்டுக்கு வந்ததில் அவருடைய வாசம் எதுவும் இல்லாததால் ஊர்சினா அதை விற்றுவிட்டாள்.

அப்படியென்றால் தெருங்ஸ் உண்மையில் சுமந்தது பால்ற்சரின் தம்பி மகன் ஃபுளூரினின் மாட்டுக் கொட்டிலில் இருக்கவேண்டும். இருவரும் நடந்தார்கள்.

“அந்தத் துவக்கோ?” என்றான் ஃபுளூரின். “பின்னேரத்தில சீழ்க்கை அடிக்கும். மாடுகளுக்குப் பிடிச்சிருக்கு, விட்டிட்டன். கொண்டு போங்கோ மாமி, ஆனா பால் குறைஞ்சா நீங்கதான் பதில் சொல்லவேணும்.”

அதற்குப் பதிலாக ரெட்டோ தன் துவக்கைக் கொட்டிலில் மாட்டினார். அது இருமியது. மாடுகள் திரும்பிப் பார்த்துவிட்டுப் புல்லைத் தின்றன. சுவரில் இருந்த மற்றவை எதுவும் அவரிடம் இப்படிப் பேசியதில்லை. ஆனாலும் அதைத் திருப்பிக் கேட்காமல் பேருந்துத் தரிப்புக்கு நடந்தார்.

ஊர்சினா தன் கணவர் சுமந்த துவக்கைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு மேடேறினாள். தேவாலயம் தாண்டியதும் அது சீழ்க்கை அடிக்கத் தொடங்கியது, சாராயக்கடையிலிருந்து பிந்தி வரும் ஆண்கள் அடிக்கும் அதே அரைகுறை மெட்டு. அவள் நடையைக் குறைத்தாள். வீட்டு வாசல் வந்ததும் சீழ்க்கை தானாக அடங்கியது.

“சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வாங்கோ,” என்றாள் ஊர்சினா.