கழன்று போக வேண்டிய ஈயம்

ஞாயிற்றுக்கிழமை என்று ஒரு நாள் இருப்பதே மனிதன் இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கத்தான். தம்பிக்காரனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அவனுக்கு வாய்த்த அண்ணனுக்கு யார் சொல்வது? விடிந்தும் விடியாததுமாக வாசல் பெஞ்சில் வந்து உட்கார்ந்துவிட்டான். சட்டைப் பொத்தானை அண்ணி போட்டுவிட்டிருந்தாள். தூண்டில் கோல் மடியில் குறுக்கே கிடந்தது.

அண்ணன் பஸ் ஓட்டியவன். போன வருடம் பக்கவாதம் வந்து வலது பக்கத்தை வாரிக்கொண்டு போய்விட்டது. கால் ஓரளவு திரும்பிவிட்டது, கை வரவில்லை. தம்பிக்கு டயர் கடையில் வேலை. சக்கரத்தைச் சுற்றவிட்டு, எந்தப் பக்கம் ஆடுகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் ரிம்மில் ஈயத்துண்டை அடித்து ஆட்டத்தை நிறுத்துகிற வேலை. அதனால் கடையிலும் வீட்டிலும் அவன் பெயரே பேலன்ஸ் என்று ஆகிவிட்டது. கூட வேலை பார்த்தவன் நின்றுவிட்டதால் இரண்டு ஆள் வேலை இவன் தலையில் விழுந்திருந்தது. காலையில் அண்ணனைக் குளிப்பாட்டி, கைப்பயிற்சிக்குக் கூட்டிப்போய், திரும்பக் கொண்டுவந்து விட்டுவிட்டுத்தான் கடைக்குப் போவான். தூக்கம் என்பது பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றபடி வந்தால் உண்டு.

அடுப்படியில் அண்ணி ஃபிளாஸ்கை மூடிக்கொண்டே குரலைத் தாழ்த்தினாள். "தம்பி, இன்னைக்கு ஒரு மீனாவது அவர் கையால வரணும். வரலைன்னா கோலை வித்துடணும்னு நேத்து சொல்லிட்டார். அதுக்கப்புறம் எங்கயும் வரமாட்டாராம். கைப்பயிற்சிக்குக்கூட."

"நான் போய்க் கெண்டைகிட்ட சிபாரிசு பண்ணவா அண்ணி?"

"விளையாடாதீங்க. அவர் சொன்னா சொன்னதுதான், உங்களுக்குத் தெரியாதா? படுக்கையிலேயே கிடந்தா அந்தக் கை அவ்வளவுதான்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க. எப்படியாவது பாத்துக்கங்க." அப்புறம் அலமாரியைத் துழாவினாள். "ஆமா, என் பெரிய கரண்டி எங்க?"

அந்தக் கரண்டி டயர் கடையின் பின்பக்கம் கரியேறிக் கிடந்தது. பழைய ஈயத்துண்டுகளை உருக்கி அதில்தான் அவன் தூண்டில் நரம்பைத் தண்ணீரடியில் இருத்துகிற குண்டு வார்த்திருந்தான். இனி அது சமையலுக்கு ஆகாது. பேலன்ஸ் ஒன்றும் தெரியாதவன் போல வெளியே நழுவினான்.

கடை வேனை ஓட்டிக்கொண்டு போகும்போது அவனுக்கு ஒரு கெட்ட எண்ணம் வந்தது. மீன் வராமலே போனால்? கோல் போய்விடும். அடுத்த ஞாயிறு மத்தியானம் வரை குறட்டை விடலாம். சீ, என்ன பிறவி நான் என்று தன்னையே திட்டிக்கொண்டான். ஆனாலும் அந்த எண்ணம் இறங்கிப் போகாமல் கூடவே வந்தது.

செங்கல் சூளைக்கு மண் எடுத்த பள்ளம் அது. பல வருட மழையில் பெரிய குளமாகிவிட்டது. நடுவில் சேறு, கரையோரம் கெட்டியான சரளை, இரண்டு பக்கமும் கோரைப்புல். கரையில் நாற்காலியைப் போட்டு அண்ணனை உட்கார வைத்ததுமே சண்டை ஆரம்பித்தது.

"பெரிய குண்டு போடலாம்ணே."

"பெரிசை இந்தக் கையால வீச முடியுமாடா? சின்னதைக் குடு."

"நான் வீசித் தரேன்."

"நீ வீசி, நீ இழுத்து, நான் எதுக்கு? பக்கத்துல உக்காந்து கை தட்டவா?"

சிக்கல் என்னவென்றால் இரண்டு பேர் சொன்னதும் சரி. கெண்டை அவசரப்படாத ஜென்மம். இரையை உறிஞ்சும், பிடிக்கவில்லை என்றால் துப்பிவிடும். குண்டு சின்னதாக இருந்தால் அந்த ஒரு நொடிக்குள் ஆள் வெடுக்கென்று கோலைத் தூக்க வேண்டும். குண்டு பெரியதாக இருந்தால் அந்த வேலையே இல்லை. இரையை வாயில் வைத்துத் திரும்பும்போது கனம் இடிக்கும், தூண்டில் முள் குத்தும், மீன் மிரண்டு ஓடும், தானே மாட்டிக்கொள்ளும். சின்னதை அண்ணனால் வீச முடியும், மீனை மாட்ட முடியாது. பெரியது மீனை மாட்டிக்கொடுக்கும், ஆனால் அண்ணனால் வீச முடியாது.

சின்னதைக் கட்டிக் கொடுத்தான். அண்ணன் இடது கையால் வீசினான். அது போய்ச் சேற்றோரம் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் கோல் நுனி துடித்தது. அண்ணன் தூக்குவதற்குள் முள்ளில் கோத்த சோளம் போய்விட்டது. மறுபடி வீசினான், மறுபடி துடித்தது, மறுபடி வெறும் முள். பேலன்ஸ் பார்த்துக்கொண்டே இருந்தான். பெரிய குண்டு சட்டைப் பையில்தான் கனத்துக்கொண்டு கிடந்தது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கண் எரிந்தது, முதுகு வலித்தது, ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை வேண்டும் போலிருந்தது.

வெயில் ஏறியதும் அண்ணன் கோலைக் கீழே வைத்தான். "போதும்டா. கிளம்பலாம். அந்தக் கறிக்கடைக்காரர் இந்தக் கோலைக் கேட்டுட்டே இருந்தார்ல, குடுத்துடு."

கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. பயணி இல்லாத பஸ்ஸை டிப்போவில் கொண்டுவிடுகிறவன் மாதிரி சொன்னான். கேட்க ஆசைப்பட்ட வார்த்தைதான். கேட்டதும் பேலன்ஸின் கை தானாகச் சட்டைப் பைக்குள் போனது.

"இருண்ணே. ஒரே ஒரு தடவை." பெரிய குண்டை எடுத்தான். "இதை வீச வேணாம். காலடியில இறக்கு. ஓரத்துல சரளைதான், குண்டு புதையாது. கெண்டை கோரைக்குள்ளேருந்து ஓரம் மேய வரும்."

"காலடியில போட்டா தவளைதான்டா வரும்."

"வந்தா வரட்டும். வறுத்துத் தின்னுடலாம்."

அண்ணன் உதட்டோரம் லேசாகச் சிரித்தான். அது போதும் பேலன்ஸுக்கு. கண்ணைத் திறந்து வைப்பதே பெரும்பாடாக இருந்தாலும் கைகள் மளமளவென்று வேலை செய்தன. நரம்பில் முள், முள்ளில் சோளம். குண்டின் கம்பிக் கொக்கியை நரம்பிலிருந்த வளையத்தில் மாட்டி, குறடால் நசுக்கி, இரண்டு தரம் இழுத்துப் பார்த்தான். இம்மியும் அசையவில்லை. அண்ணன் இடது கையால் கோலை நீட்டி, குண்டைத் தண்ணீரில் இறக்கினான். பேலன்ஸ் புல்லில் சாய்ந்தான்.

நரம்பு ஓடி ரீல் அலறிய சத்தத்தில்தான் விழித்தான். அண்ணன் எழுந்து நின்றிருந்தான். கோலின் அடிப்பாகம் வயிற்றில் குத்தியிருக்க, இடது கை கோலைப் பிடித்திருக்க, செத்துப்போனதாக எல்லாரும் நினைத்த வலது கை அதன்மேல் வந்து உட்கார்ந்திருந்தது. "டேய்! பெரிசுடா! அப்பாடி, என்னா இழுப்பு!"

"விடாத! கோரைக்குள்ள விட்டுடாதண்ணே!"

கோரைக்குள்தான் போனது. நரம்பு விறைத்து, டப்பென்று அறுந்தது. அண்ணன் தொப்பென்று நாற்காலியில் விழுந்தான். மூச்சு வாங்கியது, ஆனால் முகம் பளிச்சென்று இருந்தது. "போனா போகுது. குண்டு கழண்டிருக்கும்ல?"

பேலன்ஸுக்கு அப்போதுதான் உறைத்தது. தூண்டில் குண்டைத் தையல் நூலில்தான் கட்ட வேண்டும். எங்காவது சிக்கினால் நூல் அறுந்து குண்டு மட்டும் கழன்றுவிடும், மீன் தப்பிப் பிழைக்கும். அண்ணன் அவனுக்குச் சொன்ன முதல் விதியே அதுதான். தூக்கக் கலக்கத்தில் கை கடை வேலையைச் செய்துவிட்டது. ரிம்மில் அடிக்கிற ஈயம் ஓடுகிற வண்டியிலிருந்து விழவே கூடாது. அப்படித்தான் நசுக்கியிருந்தான்.

கோரை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

"அடப்பாவி," என்றான் அண்ணன், அவன் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு.

பேலன்ஸ் போட்டிருந்த சட்டையோடு இறங்கினான். இடுப்பளவு தண்ணீர், காலடியில் வழவழவென்று வேர்கள். கோரைத் தண்டில் குண்டு சுற்றிக்கொண்டிருந்தது. அதன் மறுபக்கம் தலையணை பெருசுக்கு ஒரு கெண்டை, ஓய்ந்துபோய் வாயைத் திறந்து திறந்து மூடியது. அதை இரண்டு கையாலும் வாரி எடுத்தான்.

"கிடைச்சுடுச்சுண்ணே! கொண்டு வரேன்!"

"முள்ளை எடுத்துட்டு விட்டுடு."

"உன் மீன்ணே! அண்ணிகிட்ட காட்ட வேணாமா?"

"கட்டிப் போட்ட மீனை எடுத்து வந்து பெருமை பேசவா? விடுடா, பாவம்."

முள்ளைக் கழற்றி மீனைத் தண்ணீரில் வைத்தான். கொஞ்ச நேரம் அவன் கைக்குள்ளேயே நின்றது. அப்புறம் வாலை ஒரு உதறு உதறிவிட்டு ஆழத்துக்குப் போனது.

குண்டையும் கழற்றி எடுத்துக்கொண்டு, நனைந்த சட்டையோடு கரையேறி வந்து அண்ணன் காலடியில் உட்கார்ந்தான். அண்ணன் அவனையே பார்த்தான்.

"நீ இப்படிக் கட்டுறவன் இல்லையே. தூங்கி எத்தனை நாளாச்சு?"

"தெரியலைண்ணே." எதற்கு மறைப்பது என்று தோன்றியது. "இன்னைக்கு மீன் வரக்கூடாதுன்னுகூட நினைச்சேன். வரலைன்னா ஞாயித்துக்கிழமை தூங்கலாம்னு."

"தெரியும்டா," என்றான் அண்ணன். "வேன் ஓட்டும்போதே உனக்குக் கண்ணு சொருகுது. பின்ன எதுக்குக் கோலை விக்கச் சொன்னேன்னு நினைச்சே? மீன் வரலைங்கற வருத்தத்துலயா?"

பேலன்ஸ் ஈரக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். துடைக்கத் துடைக்க ஈரம்தான்.

"அப்ப... விக்கணுமாண்ணே?"

அண்ணன் குளத்தைப் பார்த்தான். தன் வலது கையை எதையோ விசாரிப்பது போலப் பார்த்தான். "தையல் நூலை எடு," என்றான்.

எடுத்துக் கொடுத்தான். அண்ணன் குண்டை வலது கைக்கும் தொடைக்கும் நடுவில் அழுத்தி வைத்துக்கொண்டு, நூலின் ஒரு நுனியைப் பல்லால் கடித்து, இடது கையால் சுற்ற ஆரம்பித்தான். முடிச்சு நழுவியது. ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு மறுபடி சுற்றினான். உதவிக்கு நீண்ட தம்பியின் கையைத் தட்டிவிட்டான்.

"இங்க வந்தா உன் வேலை தூங்கறது மட்டும்தான், புரியுதா? கடையில சொல்லி ஆள் போடச் சொல்லு. இப்பப் படு. மீன் வந்தா கத்தறேன்."

பேலன்ஸ் அந்த ஈரத்தோடேயே புல்லில் சுருண்டான். குண்டு தண்ணீரில் இறங்குகிற சத்தம் கேட்டது. அதற்கப்புறம் அவனுக்கு ஒன்றும் கேட்கவில்லை.