ஆட்டுத்தொடையும் மூன்று பிடிவாதக்காரர்களும்

லிவர்பூலில் எங்கள் மதுக்கடையில் ஞாயிறு மதியம் நடக்கும் வினாடி வினாவுக்குப் பரிசு ஆட்டுத்தொடை. அன்றைக்கு வைத்திருந்தது யானைக்குட்டியின் தொடை என்றே சத்தியம் செய்வேன். என் மனைவி மொரீன் வீட்டில் அடுப்பைச் சூடேற்றிவிட்டுக் காத்திருந்தாள். அவள் அக்கா பெரில் சாப்பிட வருகிறாள். “கறி வாங்காதே, நான் ஜெயிச்சுக் கொண்டாறேன்” என்று வீம்பு பேசிவிட்டு வந்திருந்தேன்.

கடைசியில் எங்கள் அணியும் ஜன்னலோர அணியும் சமம். கடைக்கார டெஸ்ஸிடம் கேள்வியும் தீர்ந்துபோனது. தலையைச் சொறிந்தான்.

“பாட்டு உலகத்தையே மாத்தின குழு எது? சரியான விடை எனக்கும் தெரியாது. எந்த அணியில மூணு பேரும் முதல்ல ஒரே பேரைச் சொல்றீங்களோ, கறி அவங்களுக்கு.”

பீட்டில்ஸ் பிறந்த இந்த ஊரில் இதுவும் ஒரு கேள்வியா! எனக்கு வாயில் எச்சில் ஊறிவிட்டது. பென்சில் எங்கள் அணியின் வில்ஃப் கையில் இருந்தது.

“பீட்டில்ஸ்னு எழுதுடா.”

“மாட்டேன். பொறந்ததுலேருந்து அந்தப் பேரைக் கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப்போச்சு. இன்னிக்குப் பாட்டெல்லாம் மெஷின்ல பண்றது. அதுக்கு வழி காட்டினது ஜெர்மன்காரங்க, கிராஃப்ட்வெர்க்.”

“எங்க வீட்டுத் துணி துவைக்கிற மெஷினும்தான் அப்படிப் பாடுது” என்றான் எங்கள் அணியின் மூன்றாவது ஆள் நார்மன். “கிட்டார்ல இடி இறக்கினது பர்மிங்ஹாம் பசங்கடா. பிளாக் சபத்!”

“டேய், எனக்குக் கறி வேணும்டா. பீட்டில்ஸை நிலவறைக் கிளப்புல நேர்ல பாத்தவன் சொல்றேன்.”

“நீயுமா!” என்று இருவரும் அலறினார்கள்.

எங்கள் வயதுக்காரர்கள் எல்லோரும் இதைச் சொல்வோம். சொன்ன அத்தனை பேரும் போயிருந்தால் அந்தக் கட்டடம் மெர்சி ஆற்றுக்குள் இறங்கியிருக்கும்.

“அப்ப உனக்கு வயசு பதினொண்ணு” என்றான் வில்ஃப். “பால் வாங்கத்தான் உங்கம்மா உன்னை வெளிய விடுவாங்க.”

சரி, ஜெர்மன்காரர்களே ஆகட்டும் என்று இறங்கி வந்தேன். நார்மன் ஒப்பவில்லை. பர்மிங்ஹாமே ஆகட்டும் என்றேன். வில்ஃப் பென்சிலை நறுக்கென்று கடித்தான். ஜன்னலோரத்தில் இன்னும் மோசம். அங்கே ஒரு பெரிய மனிதர் ஷூவைக் கழற்றி மேசையில் அடித்துக்கொண்டிருந்தார்.

கதவு படாரென்று திறந்தது. அடுப்புக் கையுறையோடு மொரீன்.

“ஏய் மனுஷா, அங்க அடுப்பு எரிமலையாட்டம் கொதிக்குது. கறி எங்க?”

நடந்ததைச் சொன்னேன். இவள் போடுகிற சத்தத்தில் வில்ஃப் எழுதிவிடுவான் என்று எனக்குத் தெம்பு வந்தது.

“மூணு தடியன்க உக்காந்திருக்கீங்க, ஒரு பொம்பளை பேரு வாயில வரலியா? சுப்ரீம்ஸ் பாட்டுக்கு ஆடாத கால் ஒண்ணு காட்டுங்க பாப்போம்!” கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

போச்சு!

எங்களைத் தேடி வந்த பெரில், கோட்டைக்கூடக் கழற்றாமல், “ரோலிங் ஸ்டோன்ஸை விட்டுட்டு என்னடி பேச்சு?” என்றாள்.

டெஸ் கறியைத் தூக்கிக் குளிர்பெட்டிக்குள் வைத்துப் பூட்டினான். “அடுத்த வாரம் கூட்டல் கழித்தல்தான் கேப்பேன்.”

வினிகர் தெளித்த சிப்ஸ்தான் எங்களுக்கு விருந்து. அது நமுத்துப்போயிருக்கிறது என்பதை மட்டும் ஐந்து பேரும் ஒரே குரலில் சொன்னோம்.