கதவு உள்ள சமையலறை வேண்டும்

1

கீங்... கீங்... கீங்...

ஐந்தாவது மாடியில் புகை மணி அலறியபோது காலை பத்தரை இருக்கும். துண்டோடு ஒருவர், பாதி சவரம் செய்த முகத்தோடு ஒருவர், யாருடைய குழந்தையையோ தூக்கிக்கொண்டு ஒருவர் என்று ஹோட்டல் முழுக்கப் படியிறங்கிப் புல்வெளியில் வந்து நின்றது. வராத ஒரே ஆள் அண்ணி.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பத்திரிகை ஆசிரியர் என்னிடம் கதையே கேட்கவில்லை. விடுமுறைச் சிறப்பிதழுக்கு இரண்டு பக்கக் கட்டுரை கேட்டார்: தீம் பார்க் ஹோட்டல்களில் சமையலறையோடு கூடிய பெரிய அறைகள், எது சிறந்தது? "குடும்பத்தோட போறீங்களே சார், கையோட எழுதிக் குடுத்துடுங்க. எதிர்ப்பு, புரட்சி எல்லாம் வேண்டாம். லீவு இதழ்."

சரி என்று உட்கார்ந்தேன். முதல் வரியும் வந்தது:

'விசாலமான அறை, கைக்கெட்டும் தூரத்தில் அடுப்பு, ஜன்னலைத் திறந்தால் ராட்டினம். எந்தக் குடும்பத் தலைவிக்கும் இதைவிட'

அதோடு நிறுத்திவிட்டேன். மீதியை எழுதியிருந்தால் அண்ணி முகத்தில் விழிக்க முடியாது. அதனால் கட்டுரையைத் தூக்கிப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். ஆசிரியர் திட்டினால் திட்டட்டும்.

2

அண்ணி என்றால் என் அண்ணனின் மனைவி. வண்டி உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றின் கேண்டீனில் தலைமைச் சமையல்காரர். தினமும் நானூறு பேருக்குச் சாப்பாடு. அங்கே அவருக்குப் பெயர் 'மேஜர்'. வீட்டில் அப்படி ஒரு பட்டமும் கிடையாது.

போன மாதம் வேறு ஊர் மருத்துவமனை ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. சமையல்கூடம் மொத்தத்துக்கும் பொறுப்பாளர் வேலை. தங்குவதற்கு ஓர் அறையும் சமையலறையும் அவர்களே தருகிறார்கள். வருகிறாரா இல்லையா என்று திங்கட்கிழமை மாலைக்குள் சொல்ல வேண்டும். மகன் கல்லூரி விடுதியில் இருக்கிறான். போக அண்ணிக்கு ஆசை. அதை அவர் ஒரே ஒரு தடவைதான் வாய்விட்டுச் சொன்னார். அண்ணன் பதிலும் ஒரே ஒரு தடவைதான் வந்தது.

"நீ போயிட்டா இங்க எனக்கு யாரு..."

[இந்த வாக்கியத்தைப் பாதியில் விட்டது அண்ணன். பழியை என் மேல் போடாதீர்கள்.]

என் அக்கா ஒரு வழி கண்டுபிடித்தாள். "மூணு நாள் எங்கயாவது ஜாலியா கூட்டிட்டுப் போங்க. பிள்ளைங்களோட சிரிச்சு விளையாடினா மனசு தானா மாறிடும்." அக்காவுக்கு இரண்டு வாண்டுகள். அதனால் 'எங்கயாவது' என்பது தீம் பார்க் ஆகிவிட்டது. ஹோட்டலைத் தேர்ந்தெடுக்கும் பெருமை மட்டும் அண்ணிக்கு விடப்பட்டது. ஆட்டைக் கேட்டுவிட்டுத்தான் மஞ்சத் தண்ணி தெளிப்பார்களாம்.

3

அண்ணி பார்க்கைச் சுற்றியிருந்த மூன்று ஹோட்டல்களுக்கும் போன் போட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கட்டுரைக்குக் குறிப்பு எடுத்தேன். ஆகவே இந்தப் பகுதி மட்டும் ஆசிரியர் கேட்டபடியே இருக்கும்.

முதல் ஹோட்டலில் ராட்டினம் ஜன்னலிலேயே சுற்றும். எட்டுப் பேர் உட்காரும் சோபா. அடுப்பு மேடை ஹாலுக்கு நட்ட நடுவில்.

"சமைச்சுக்கிட்டே எல்லார்கூடவும் பேசலாம் மேடம்" என்றாள் போனில் பேசிய பெண்.

"பேசுவாங்களா, இல்ல தண்ணி குடு, காபி குடுன்னு கேப்பாங்களாம்மா?"

"எங்க வீட்லன்னா கேப்பாங்க மேடம்."

ஹோட்டல் அடிபட்டது.

இரண்டாவது ஹோட்டல் கோட்டை மாதிரி கட்டியது. குழந்தைகளுக்குக் கப்பல் வடிவக் கட்டில். சமையலறை என்று அவர்கள் அனுப்பிய படத்தில் ஒரு அலமாரி இருந்தது. அதைத் திறந்தால் கை கழுவும் தொட்டி ஒன்று, மைக்ரோவேவ் ஒன்று, அரை டஜன் முட்டையே மூச்சுத் திணறும் ஃபிரிட்ஜ் ஒன்று. "இது சமையலறை இல்ல தம்பி, சமையலறைக்குப் பொறந்த பொம்மை" என்றார் அண்ணி. அதுவும் அடிபட்டது.

மூன்றாவதில் இரண்டு படுக்கையறை, நாலு பர்னர் அடுப்பு, ஆளுயர ஃபிரிட்ஜ். ஆனால் பார்க் வாசலுக்குப் பேருந்தில் பத்து நிமிடம். எந்த ஜன்னலைத் திறந்தாலும் கார் நிறுத்தும் இடம்தான்.

"கிச்சனுக்குக் கதவு இருக்கா? உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கா? போய்ப் பார்த்துட்டே சொல்லுங்க, நான் லைன்லயே இருக்கேன்."

இருந்தது. அண்ணி அந்த நிமிடமே பதிவு செய்துவிட்டார்.

"ரோலர் கோஸ்டர் பார்க்கப் போறோமா, வண்டி எண்ணப் போறோமா அண்ணி?" என்று குதித்தாள் அக்கா.

"அதுல ஏறத்தானே போறே? ஜன்னல்ல வேற எதுக்கு உனக்கு?"

அண்ணன் மாடிப்படியில் என்னைப் பிடித்துக்கொண்டு காதோடு சொன்னார். "கவனிச்சியாடா? நல்ல சமையலறையாப் பார்த்து எடுத்திருக்கா. நமக்கு ஆக்கிப் போடத்தான். போக மாட்டா."*

* நானும் அப்படித்தான் நினைத்தேன். முதல் பிரதியில் 'அன்பின் நிறமும் நெருப்பின் நிறமும் ஒன்றே' என்று ஒரு வரிகூட எழுதினேன். அடித்துவிட்டேன். அடித்தது நல்லது என்று உங்களுக்கே தெரிகிறது அல்லவா?

4

சனிக்கிழமை காலை எல்லோரும் பார்க்குக்குக் கிளம்பினோம். தலைவலி என்று அண்ணி அறையிலேயே தங்கிவிட்டார்.

முதல் பிரதியில், தொப்பியை மறந்துவிட்டதால் நான் ஹோட்டலுக்குத் திரும்பினேன் என்று எழுதியிருந்தேன். அது பொய். அக்காதான் என் கையில் ஒரு பையைக் கொடுத்து அனுப்பினாள். "அண்ணி சும்மா இருக்க மாட்டாங்க, எப்படியும் சமைச்சிருப்பாங்க. போய்க் கட்டி வாங்கிட்டு வந்துடு." நானும் கூச்சமே இல்லாமல் காலிப் பையோடு பேருந்து ஏறினேன். புல்வெளியில் கூட்டத்தைப் பார்த்ததும் பையை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். ஏன் மறைத்தேன் என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. [பிடிபடுகிறது. எழுத விருப்பமில்லை.]

ஐந்தாவது மாடியில் நடந்ததில் பாதி அண்ணி சொன்னது. பாதி ஹோட்டல் காவலாளி சொன்னது. சொல்லாமல் விட்ட இடங்களை நான் நிரப்பியிருக்கிறேன்.

அண்ணி சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். உப்பு போதுமா என்று கேட்க ஆள் இல்லை. தட்டு எங்கே என்று கத்த ஆள் இல்லை. அரிசியைக் களைந்து போட்டு, அடுப்பைப் பெரிதாக ஏற்றிவிட்டு, ஜன்னலோரம் போய் நின்றார். கீழே ஒருவர் தன் காரைத் தேடி வரிசை வரிசையாக அலைந்துகொண்டிருந்தார். அவருக்குக் கார் கிடைக்கட்டும் என்று அண்ணியும் கண்ணாலேயே கூடத் தேடினார். திரும்பிப் பார்த்தபோது அறை முழுக்கப் புகை. பாத்திரத்தின் அடி கரி.

இருபத்திரண்டு வருடத்தில் ஒரு பருக்கை கருக விடாத கை அது.

காவலாளி மாற்றுச் சாவி போட்டு அறைக்குள் வந்து சமையலறைக் கதவை இடித்தார். "மேடம், கீழ போகணும்! உடனே!"

தாழ்ப்பாள் திறந்தது. "அடுப்பை அணைச்சாச்சு. ஜன்னலும் திறந்தாச்சு. நான் எதுக்குக் கீழ வரணும்?"

"ரூல் மேடம்."

"எங்க கேண்டீன்ல தீயணைப்புப் பயிற்சி குடுக்கிறவளே நான்தான். தீன்னா ஓடணும்னு எனக்குத் தெரியும். இது தீயில்ல, சோறு."

காவலாளி எட்டிப் பார்த்தார். கரியைப் பார்த்தார். அண்ணியைப் பார்த்தார். பாவம், நல்ல மனிதர், குரலைத் தாழ்த்திக்கொண்டு ஆறுதல் சொன்னார்: "சமைச்சுப் பழக்கமில்லையா மேடம்? எங்க வீட்லயும் கல்யாணம் ஆன புதுசுல இப்படித்தான்."

அண்ணி சிரித்தார். தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் படியேறி மூச்சு வாங்க வந்து நின்றபோதும் அந்தச் சிரிப்பு ஓயவில்லை. பிறகு எழுந்து, அந்தப் பாத்திரத்தைத் தண்ணீரில் ஊறப் போட்டுவிட்டு, இன்னொன்றை எடுத்து அடுப்பில் வைத்தார்.

"மறுபடியுமா மேடம்?"

"மறுபடியும்தான். வேணும்னா நீங்க வாசல்லயே நில்லுங்க."

அவர் நின்றார். நானும் நின்றேன். எங்கள் இருவர் முகத்துக்கு நேராகக் கதவு சாத்தப்பட்டது.

5

ஹோட்டல்காரர்கள் போன் செய்ததில் பதறியடித்துக்கொண்டு அண்ணனும் அக்காவும் வந்தார்கள். சமையலறைக் கதவு திறந்திருந்தது. மேசையில் ஒரு தட்டு, ஒரு கிண்ணம். அதன் முன்னால் ஒரே ஒரு நாற்காலி. மற்ற மூன்று நாற்காலிகளும் சுவரோரம் தள்ளப்பட்டிருந்தன. அண்ணி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"உனக்கு ஒண்ணும் ஆகலியே?" என்றார் அண்ணன். அதை முதலில் கேட்டார் என்பதை அவர் சார்பில் இங்கே பதிவு செய்கிறேன்.

"ஒண்ணும் ஆகலீங்க."

அண்ணன் பாத்திரத்தை எட்டிப் பார்த்தார். காலி. "எங்களுக்கு?"

"பார்க்ல கடை இருக்கே."

"அப்ப சமையலறையோட ரூம் எடுத்தது எதுக்கு?"

இந்த இடத்தில்தான் என் பேனா நிற்கிறது.

6

இதுவரை எழுதியதை ஆசிரியருக்குப் போனில் படித்துக் காட்டினேன். அவர் ஒரு முடிவு தந்தார். அண்ணி எழுந்து எல்லோருக்கும் உலை வைக்கிறார், அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார், வெளியே வாணவேடிக்கை. "நம்ம வாசகிகள் அழுதுடுவாங்க சார்." அழுவார்கள். எதற்காக என்பதுதான் கேள்வி.

இன்னொன்றை நானே முயன்றேன். ரயில் கிளம்புகிறது, அண்ணன் நடைமேடையில் ஓடி வந்து 'நானும் வரேன்' என்று

வேண்டாம். அண்ணனுக்கு மூட்டுவலி. ஓட மாட்டார்.

மூன்றாவது முடிவு, ஹோட்டல்களுக்கு நட்சத்திரம் போட்டு முடிப்பது. மூன்றாவது ஹோட்டலுக்கு ஐந்து நட்சத்திரம். தாழ்ப்பாளுக்கு மட்டும்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. திங்கள் மாலை இன்னும் வரவில்லை. அண்ணி அந்த மருத்துவமனைக்கு என்ன பதில் சொல்வார் என்று நான் இட்டுக்கட்டப் போவதில்லை. முடிவு இல்லாத கதையைப் போட முடியாது என்றால் ஆசிரியர் அந்தப் பக்கத்தில் பற்பசை விளம்பரம் போட்டுக்கொள்ளட்டும். முடிவு வேண்டும் என்கிறவர்கள் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் எழுதுவதற்கு முன்னால், அண்ணன் கேட்டதற்கு அண்ணி சொன்ன பதிலைக் கேட்டுவிடுங்கள். அதில் ஒரு எழுத்தைக்கூட நான் மாற்றவில்லை.

அண்ணி வாயில் இருந்ததை மென்று முடித்தார். அவசரமே படவில்லை. தண்ணீர் குடித்தார். அப்புறம் நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்:

"ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி வைக்கணும்னு எனக்கு இதுவரைக்கும் தெரியாதுங்க. இப்ப தெரிஞ்சுபோச்சு."