கவிழ்த்த கொட்டாங்கச்சி

மணியம்மாள் மணலில் விரித்த பாயில் குப்புறக் கிடந்தாள். இருசம்மாள் பக்கத்தில் முட்டிபோட்டு உட்கார்ந்து, சுடவைத்த நல்லெண்ணெயைக் கொட்டாங்கச்சியிலிருந்து உள்ளங்கையில் ஊற்றி, அவள் முதுகை நீவிவிட்டாள். இடுப்பிலிருந்து தோள்வரை மேலே, பிறகு விலாப்பக்கமாகக் கீழே. முதலில் நீவல்தான். தோல் சூடேறி எண்ணெய் இறங்கிய பிறகு பிசையலாம். அவசரப்பட்டால் சதை இன்னும் இறுகிக்கொள்ளும்.

"சாப்ட்டியா?"

"விடியறப்ப கூழு குடிச்சது. இன்னா கேள்வி இது?"

"வயிறு ரொம்பி இருந்தா கை வைக்கக் கூடாதுடீ."

மீன்கூடை சுமந்து சுமந்து மணியம்மாளின் கழுத்தடியில் சதை முடிச்சு முடிச்சாகத் திரண்டிருந்தது. இருசம்மாள் முதுகெலும்பைத் தொடாமல் அதன் ஓரமாகக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போனாள். மணியம்மாள் முகத்தைத் திருப்பி ஏரியைப் பார்த்தாள்.

"தோ, உன் ஓர்ப்படி வந்துகினு கீறா. கோட்டைப் படகுல. புதுத்துணி வேற."

கட்டைவிரல் ஆழமாக இறங்கியது.

"யம்மா! அது என் முதுகுடீ, அவ முதுகு இல்ல!"

இருசம்மாள் சிரிக்கவில்லை. அக்கரையில் உலாந்தாக்காரர் என்கிற டச்சு வெள்ளைக்காரரின் கோட்டை. இக்கரையில், ஏரிக்கும் கடலுக்கும் நடுவே மணல்திட்டில் குப்பம். குப்பத்தில் உடம்பு பிடித்துவிடுகிறவர்கள் இரண்டே பேர். இருசம்மாளும், அவள் கொழுந்தன் தருமனின் பெண்டாட்டி கஸ்தூரியும். சுமை தூக்கி முதுகு பிடித்துக்கொண்டவர்கள் இருசம்மாளிடம் வருவார்கள். அவளுக்குக் கனத்த கை. பிள்ளை பெற்றவர்கள் கஸ்தூரியைக் கூப்பிடுவார்கள். அதில் இருவருக்கும் சண்டை வந்ததே இல்லை.

கிடங்குத் துரையின் பெண்டாட்டி பிள்ளை பெற்றபோதுதான் வந்தது. துரைக்கு மொழிபெயர்த்துச் சொல்லும் துபாசி வேதாசலம், யாருக்கு எந்த வேலையென்று தெரியாமல், முதலில் தேடி வந்தது இருசம்மாளின் குடிசையைத்தான். அன்று அவள் இடுப்பளவுத் தண்ணீரில் கையால் இறால் தடவிப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஆள் இல்லையென்றதும் துபாசி அடுத்த குடிசையில் இருந்த கஸ்தூரியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். ஒரு கூடை இறாலுக்காக இருசம்மாள் விட்டது கோட்டையை. அன்றிலிருந்து அவள் வயிறு எரிந்துகொண்டிருந்தது. கஸ்தூரிக்கு இப்போது போக வரப் படகு. மடியில் சீனிக்கட்டி. குப்பத்துப் பிள்ளைகளெல்லாம் அவள் பின்னால்.

"அக்கா, சீனி வாங்கிக்கோ" என்று கஸ்தூரி கையை நீட்டினாள்.

"எறும்பு வரும். நீயே வெச்சிக்கோ."

கஸ்தூரி போன பிறகு மணியம்மாள் பெருமூச்சு விட்டாள். "ஓர்ப்படி வாழ்ந்தா ஒரு கண்ணுல தூசு விழும்னு சும்மாவா சொன்னாங்க" என்றாள். இருசம்மாள் அவள் முதுகில் பட்டென்று ஒன்று தட்டி, எழுந்திருக்கச் சொன்னாள்.

ஒருநாள் கஸ்தூரி உச்சிப்பொழுதுக்கு முன்னாலேயே திரும்பிவிட்டாள். கையில் ஒன்றும் இல்லை. எண்ணெய் கொண்டுபோன கொட்டாங்கச்சியும் இல்லை. அதைக் கண்டதும் இருசம்மாளுக்கு விஷயம் விளங்கிவிட்டது.

உடம்பு பிடிக்கிறவர்களுக்குள் ஒரு கட்டு உண்டு. தொடக் கூடாத உடம்பைக் கண்டால் கொட்டாங்கச்சியை அந்த வீட்டு வாசலில் கவிழ்த்துவிட்டு வந்துவிட வேண்டும். காய்ச்சல் அடிக்கிற உடம்பு, புண்ணும் கொப்புளமுமான உடம்பு, எலும்பு முறிந்த இடம் எல்லாம் அதில் சேர்த்தி. இன்னொருத்தியை அந்த வீட்டுக்குக் கூப்பிட்டால், அவள் முதலில் கவிழ்த்தவளிடம் போய் ஏனென்று கேட்க வேண்டும். கேட்காமல் தொடக் கூடாது. கவிழ்த்தவளும், கேட்கிற கையைத் தவிர வேறு யாரிடமும் ஒரு வீட்டு உடம்பைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. வெளியாருக்கு இந்த அடையாளம் தெரியாது. தொழிலில் இருந்த இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

மறுநாள் காலை துபாசி இருசம்மாளின் வாசலில் நின்றார்.

"அவ மாட்டேன்னுட்டா. உன்னால ஆகுமா?"

"ஆவாம இன்னா சாமி? தோ வரேன்."

எண்ணெயை எடுத்துக்கொண்டு அவள் படகடிக்கு வருவதற்குள் கஸ்தூரி ஓடிவந்து குறுக்கே நின்றாள்.

"அக்கா, ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போ."

"நீ போனப்ப என்னைக் கேட்டுகினா போன?"

"கோவத்தை அப்புறம் வெச்சிக்கோக்கா. இன்னான்னு ஒரு தபா கேளு, சொல்றேன்."

"எனக்கு ஒண்ணும் கேக்க வாணாம். தள்ளு."

தான் விட்டது அடுத்தவளுக்கும் கிடைக்கக் கூடாதென்று கஸ்தூரி கவிழ்த்திருக்கிறாள். படகு பாதி ஏரி தாண்டும்வரை இருசம்மாள் இதையே நினைத்துக்கொண்டிருந்தாள். மீதி ஏரி தாண்டுவதற்குள் அது அவளுக்கு உறுதியாகிவிட்டது.

துரை வீட்டு வாசலில் கொட்டாங்கச்சி கவிழ்ந்தபடியே கிடந்தது. இன்னதென்று தெரியாமல் வேலைக்காரர்கள் அதைத் தொடப் பயந்திருந்தார்கள். இருசம்மாள் அதைக் காலால் ஓரம் தள்ளிவிட்டு உள்ளே போனாள்.

துரைசானி சின்னப் பெண். கட்டிலில் சாய்ந்து கிடந்தாள். ஆயா துணியை விலக்கிக் காட்டினாள். வலது கால் சரியாக இருந்தது. இடது கால் தொடையிலிருந்து வீங்கி, வெளுத்து, தோல் பளபளவென்று இழுபட்டிருந்தது. இருசம்மாள் புறங்கையை முதலில் வலது கெண்டைக்காலிலும் பிறகு இடதிலும் வைத்துப் பார்த்தாள். இடது கொதித்தது.

அவள் கை நின்றது. பிள்ளை பெற்றவளுக்கு ஒரு கால் மட்டும் வீங்கிச் சுட்டால் அதை நீவக் கூடாது, பிசையக் கூடாது. எழுந்து நடக்கவும் விடக் கூடாது; காலில் கட்டிய ரத்தம் நெஞ்சுக்கு ஏறிவிடும். இது கஸ்தூரியைக் கேட்டுத்தான் தெரிய வேண்டும் என்பதில்லை.

"இன்னா, நின்னுட்ட? அவளை மாதிரி உன்னாலயும் ஆவாதா?" என்று கதவுக்கு வெளியிலிருந்து துபாசி கேட்டார்.

கூலிக்கென்று பெட்டியின்மேல் மடித்து வைத்திருந்த சிவப்புக் கட்டம்போட்ட துணி இருசம்மாளின் கண்ணில் பட்டது.

"ஆவும் சாமி" என்றாள்.

முதலில் இடுப்பையும் முதுகையும் பிடித்துவிட்டாள். பிறகு கணுக்காலிலிருந்து தொடைவரை எண்ணெய் போட்டு நீவினாள். மெதுவாகத்தான் நீவினாள். மெதுவாக நீவினால் ஒன்றும் ஆகாது என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். துரைசானி முதலில் பல்லைக் கடித்தாள். முடித்தபோது இடுப்பு வலி விட்டிருந்தது. எழுந்து உட்கார்ந்து, பிள்ளையைக் கேட்டு வாங்கி மடியில் வைத்துக்கொண்டு இருசம்மாளைப் பார்த்துச் சிரித்தாள். துணியை ஆயா எடுத்துக் கொடுத்தாள்.

குப்பத்தில் இறங்கியதும் இருசம்மாள் நேரே வீட்டுக்குப் போகவில்லை. துணியைத் தோளில் போட்டுக்கொண்டு கஸ்தூரியின் வாசல்வழியாகச் சுற்றிக்கொண்டு போனாள்.

"அக்கா, அந்தக் காலைத் தொட்டியா?"

"தொட்டா இன்னாவாம்? சிரிச்சிகினு எழுந்து ஒக்காந்துச்சு. கைராசின்னா அது."

கஸ்தூரி அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் விடிந்ததும் கோட்டை மணி விடாமல் அடித்தது. வெயில் ஏறுவதற்குள் துபாசி இரண்டு சிப்பாய்களோடு வந்து இறங்கினார். துரைசானி காலையில் கட்டிலைவிட்டு எழுந்து நாலடி நடந்தாளாம். மூச்சு முட்டுகிறதென்று நெஞ்சைப் பிடித்தவள் அப்படியே விழுந்து செத்துப்போய்விட்டாளாம். சிப்பாய்கள் கஸ்தூரியின் குடிசைக்குள் நுழைந்து அவளை வெளியே இழுத்து வந்தார்கள்.

"வாசல்ல கொட்டாங்கச்சியைக் கவுத்து சூனியம் வெச்சவ நீதானே? ஆயா சொல்லிட்டா."

"சூனியம் இல்ல சாமி! தொடக் கூடாத உடம்புன்னு தொழில்ல வெக்கிற அடையாளம். அக்காவுக்குத் தெரியும், அக்காவைக் கேளுங்க!"

துபாசி திரும்பினார். குப்பமே திரும்பியது. ஆண்களெல்லாம் கடலில் இருந்தார்கள். தோளில் கிடந்த துணியை இருசம்மாள் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். தெரியும் என்றால் அடுத்த கேள்வி என்னவென்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

"நீ போனப்ப அம்மா நல்லாத்தானே இருந்தாங்க? இவ சொல்ற அடையாளம் நெசமா?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது சாமி."

கஸ்தூரி அழவில்லை. அக்காவின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிப்பாய் அவள் கைகளை முதுகுக்குப் பின்னால் வளைத்துக் கயிற்றை முறுக்கினான்.

"அப்பிடிக் கட்டுனா தோளு எறங்கிடும், முன்னாடி கட்டுங்க" என்று இருசம்மாளின் வாய் தானாகச் சொன்னது. யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"நீயும் ஏறு. விடியறதுல இருந்து அழுது தொரைக்குத் தலை பாரமா இருக்காம். எண்ணெய் எடுத்துக்க" என்றார் துபாசி.

ஏரியில் வாடைக்காற்று வீசியது. படகின் ஒரு தலைப்பில் கஸ்தூரி குனிந்து உட்கார்ந்திருந்தாள். அவள் இடது தோள் முட்டு முன்பக்கமாகத் துருத்திக்கொண்டு நின்றது. மறு தலைப்பில் இருசம்மாள். படகு ஆடியபோதெல்லாம் கொட்டாங்கச்சியில் எண்ணெய் தளும்பியது. சிந்திவிடாமல் அவள் அதன் வாயை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.