எழுபது எழுத்தும் ஒரு நாற்காலியும்

எங்கள் கண்ணாடிக் கடையின் பின்பக்கம் இருக்கும் கண் சோதனை அறையை, செல்போன் கவர் விற்கும் ஒரு மனிதர் டேப் பிடித்து அளந்துகொண்டிருந்தார். பத்தடி நீளம், ஆறடி அகலம். பதினாறு வருடமாக நான் கண் பார்க்கும் அறை அது. என் நாற்காலியை முழங்காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு மூலையை அளந்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்ன அண்ணா இது?"

அண்ணன் முன்கடையில் ஃப்ரேம்களைத் துடைத்தபடியே, "வாடகைக்கு விடலாம்னு பாக்குறேன்" என்றார். "போன மாசம் உன் நாற்காலியில எத்தனை பேர் உக்காந்தாங்க? பதினொண்ணு. பேசாம முன்னாடி வந்து என்கூட வியாபாரத்தைப் பாரு."

அவருடன் வியாபாரத்தைப் பார்ப்பது என்றால், லென்ஸ் துடைக்கும் துணியை மடித்து மடித்து அடுக்குவது. அதற்கா நான் மூன்று வருடம் படித்தேன்?

"ஆளுங்களை நான் வரவைக்கிறேன். பழைய வாடிக்கையாளர் நம்பர் எல்லாம் எங்கிட்ட இருக்கு. போன்ல செய்தி அனுப்பலாம்."

அண்ணன் யோசித்தார். "ஒரு வாரம் தர்றேன். இருபது பேர் அந்த நாற்காலியில உக்காரணும். இல்லேன்னா அறையை விட்டுடணும். ஆனா படம் போட்டுத்தான் அனுப்பணும். எழுத்தை எல்லாம் இந்தக் காலத்துல யாரு படிக்கிறா?"

தகராறு அங்கேதான் ஆரம்பித்தது. செய்தி அனுப்பித் தரும் கம்பெனியில் கேட்டால், ஒரு படச் செய்திக்கு ஆகும் காசில் எட்டு எழுத்துச் செய்தி போகும் என்றார்கள். அது மட்டுமில்லை. எங்கள் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் போனில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருக்கிறார்கள். வெறும் எழுத்தாக அனுப்பினால் அது அவர்கள் வைத்திருக்கும் அளவுக்குப் பெரிதாகத் தெரியும். படத்துக்குள் இருக்கும் எழுத்து அப்படியே பொடியாகத்தான் கிடக்கும். கண் தெரியாதவர்களுக்குப் பொடி எழுத்தில் படம் அனுப்பும் அறிவாளியை நான் எங்கே போய்த் தேடுவேன்? கூடவே பிறந்திருக்கிறாரே.

இதை நான் சொல்ல, அவர் "படம் பேசும்மா" என்று சொல்ல, கல்லாவில் இருந்த அண்ணி மேசையைத் தட்டினாள்.

"ரெண்டு பேரும் என் உயிரை வாங்காதீங்க. இருக்கற காசுல ஆளுக்குப் பாதி. அவர் படம் அனுப்பட்டும், நீ எழுத்து அனுப்பு."

அவர் பங்கில் அறுபது பேருக்குப் படம். என் பங்கில் நானூற்று எண்பது பேருக்கு எழுத்து. நம்பர்களை அண்ணியே பிரித்தாள். படம் வந்தவர்கள் படத்தைக் காட்ட வேண்டும்; எழுத்து வந்தவர்கள் பழைய கண்ணாடியோடு வர வேண்டும். கல்லா மேசையில் இரண்டு பிளாஸ்டிக் தட்டு வைத்தாள். ஆளுக்கு ஒரு சீட்டு, அதனதன் தட்டில்.

அண்ணன் அச்சுக்கடையில் உட்கார்ந்து அரை நாள் செலவழித்துப் படம் செய்துகொண்டு வந்தார். பின்னால் நீலக் கடல். முன்னால் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு பெண், பல் மொத்தமும் தெரியச் சிரிக்கிறாள். கண் சோதனை இலவசம் என்பது அவள் முழங்கைக்குக் கீழே எறும்பு வரிசைபோல் இருந்தது.

என் பாடு வேறு. தமிழில் எழுபது எழுத்துக்குள் முடித்தால்தான் அது ஒரு செய்தி. எழுபத்தொன்று ஆனால் இரண்டு செய்திக்கான காசு. அதிலும் காலுக்கு ஒன்று, கொம்புக்கு ஒன்று, மேலே வைக்கிற புள்ளிக்கு ஒன்று, நடுவில் விடுகிற இடத்துக்கும் ஒன்று என்று கணக்கு. 'அன்பார்ந்த வாடிக்கையாளர்களே' என்று ஆரம்பித்தேன், இருபத்தேழு போய்விட்டது. அன்பு வேண்டாம் என்று அடித்தேன். கடை பெயர் செய்தியின் தலையிலேயே வந்துவிடும், அதையும் அடித்தேன். என்னிடம் வருகிறவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று கண்ணை மூடி நினைத்துப் பார்த்தேன். பிறகு எழுதினேன்.

'இதைப் படிக்கக் கையை நீட்டுறீங்களா? பழைய கண்ணாடியோட வாங்க. சோதனை இலவசம்'

சரியாக எழுபது. கடைசியில் முற்றுப்புள்ளி வைக்க இடமில்லை.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு இரண்டும் போயின. பதினொன்றரைக்கு ஒரு லாரி டிரைவர், காது பக்கம் நூல் சுற்றிய கண்ணாடியோடு வந்து நின்றார். "எப்படிம்மா தெரிஞ்சுது? நான் அப்பக் கையை நீட்டிக்கிட்டுத்தான் இருந்தேன்!" அவர் நாற்காலியில் உட்கார்ந்தபோது எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. சாயங்காலத்துக்குள் எட்டுப் பேர். புதன்கிழமை மத்தியானம் இருபது தாண்டியது. வியாழக்கிழமை என் தட்டில் முப்பத்தொரு சீட்டு, அண்ணன் தட்டில் நாலு. அந்த நாலில் ஒருத்தி, படத்தில் இருக்கும் பெண் போட்டிருக்கிற ஃப்ரேம்தான் வேண்டும் என்றாள். அது எங்களிடம் கிடையாது.

இவ்வளவுக்குப் பிறகும் அண்ணன் கவர்க்காரரிடம் அறை இல்லை என்று சொல்லவில்லை.

"இலவசம்னா கூட்டம் வரத்தான் செய்யும். அடுத்த வாரம் ஈ ஓட்டுவே. நல்லாக் கண்ணு தெரியறவங்களும் சும்மா வந்து உக்காந்துட்டுப் போறாங்க."

"முப்பத்தொரு பேர்ல இருபத்தஞ்சு பேருக்குப் பவர் மாறியிருக்கு அண்ணா."

"நீ மாறியிருக்குன்னு சொன்னா மாறியிருக்கு. யாரு கண்டா?"

எதையாவது தூக்கிப் போட்டு உடைத்திருப்பேன். கடையில் இருப்பதெல்லாம் கண்ணாடி என்பதால் விட்டேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் தெருமுனைத் தையல்காரர் போனோடு வந்தார். நேராக அண்ணனிடம் போனார்.

"என்ன தம்பி, ஏதோ பொண்ணு போட்டோவை அனுப்பி வச்சிருக்கீங்க? யாரு இவளுன்னு வீட்டுக்காரி ரெண்டு நாளா முகம் குடுத்துப் பேசல. கீழ என்னமோ எழுதியிருக்கு, எனக்குப் புரியல. படிச்சுச் சொல்லுங்க, அவகிட்டச் சொல்லணும்."

அண்ணன் பெருமையாகப் போனை வாங்கினார். முகத்துக்கு நேரே பிடித்தார். கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். கை நீண்டது. தலை பின்னால் போனது. தையல்காரர் உதவி செய்வதாக நினைத்து விரலால் படத்தை இழுத்துப் பெரிதாக்கினார். எழுத்தெல்லாம் கலங்கிப்போய்ப் பெண்ணின் முழங்கை மட்டும் திரை முழுக்க நின்றது.

"இன்னும் கொஞ்சம் நீட்டுங்க" என்றாள் அண்ணி. "எதிர்க்கடைக்காரர் படிச்சுச் சொல்லிடுவார்."

தையல்காரர் சிரித்துவிட்டார். அண்ணன் சிரிக்கவில்லை. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் பின்பக்கம் நடந்து, என் நாற்காலியில் உட்கார்ந்தார்.

சுவரில் இருந்த எழுத்துப் பலகையைக் கையால் காட்டினேன். வாயைத் திறந்தால் விசில்தான் வரும். அண்ணன் கடைசி வரியைத் தண்ணி பட்டபாடாய்ப் படித்தார். கிட்டத்தில் வைத்துப் படிக்கும் அட்டையைக் கையில் கொடுத்தேன். மூன்றாவது வரியிலேயே தடவ ஆரம்பித்தார். சோதனை ஃப்ரேமை மாட்டி, ஒவ்வொரு லென்ஸாக மாற்றினேன். பிறகு என் போனிலிருந்து என் எழுபது எழுத்தை அவர் போனுக்கு அனுப்பினேன்.

மடியில் வைத்தபடியே படித்தார். கை நீளவில்லை. உதடு மட்டும் அசைந்தது. மறுபடியும் முதலிலிருந்து படித்தார்.

"கடைசியில முற்றுப்புள்ளி இல்லையே" என்றார்.

"அதுக்கும் காசுண்ணா."

வாசலில் அண்ணி இரண்டு தட்டோடும் நின்றாள். "இவருக்கு எந்தத் தட்டுல சீட்டு போடறது?"

"எழுத்து" என்றார் அண்ணன். சோதனை ஃப்ரேமைக் கழற்றாமலே போனில் கவர்க்காரர் நம்பரைத் தேடி எடுத்தார். "ஆமாங்க, நான்தான். நாளைக்கு வராதீங்க. இல்லை, வாடகை பிரச்சினை இல்லைங்க. அது என் தங்கச்சி அறை."

வெளியே தையல்காரரோடு இன்னும் மூன்று பேர், பழைய கண்ணாடிகளைக் கையில் பிடித்தபடி காத்திருந்தார்கள்.

"எந்திரிங்க அண்ணா" என்றேன். "ஆளுங்க நிக்கிறாங்க."